கோடு வரை நிரம்பிய எழுபத்தொரு போத்தல்கள்

வெள்ளிக்கிழமை, ஏப்ரல் ஆறாந் திகதி, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குத் திருகோணமலைத் தபாற்கந்தோருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. நாங்கள் எழுதிய முறையீட்டுக்குக் கொழும்பிலுள்ள ஆராய்ச்சிக் குழுவின் செயலாளர் ஒப்பமிட்ட பதில் கடிதம். மூலப் பிரதியை என் கண்ணால் பார்த்தேன். அது போதாதென்று அன்று பகலே தொலைபேசியில் கொழும்பைப் பிடித்து, செயலாளரின் கந்தோரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கடிதம் சொல்வது இது. 1976ஆம் ஆண்டு தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் நடந்த சிறுநீரக நோய் ஆராய்ச்சி முடிந்துபோன ஒன்று. அதில் பிழை இருக்கிறது என்பதற்கு ஒரு விதவையின் வாக்குமூலம் போதாது. பங்குபற்றிய வீடுகளிலிருந்து இருபது பேராவது, தங்கள் வீட்டார் கொடுத்த சிறுநீர்ப் போத்தலில் தண்ணீர் கலந்தது உண்மையென்று, சோதனைத் துண்டின் இலக்கத்தோடு ஒப்பமிட்டு ஏப்ரல் முப்பதுக்கு முன் எழுதிக் கொடுத்தால், எல்லோரையும் மறுபடி சோதிப்பதா இல்லையா என்பதைக் குழு யோசிக்கும்.

இருபது. இந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை வரை நம்மிடம் இருப்பது மூன்று.

செய்தியை முன்னால் சொல்லி, வணக்கத்தைப் பின்னால் சொல்கிறவன் மேடைக்கு ஆகாதவன். முப்பத்தொரு வருடம் செய்தி எழுதிய கை. வாயும் அதே வழியில் போகிறது. பொறுத்தருளுங்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, நான் எத்தனை மணிக்கு முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற அதிபர், பெருமதிப்புக்குரிய சோமசேகரம் ஐயா அவர்களே! உச்சி வெயிலில் பஸ்ஸேறித் தம்பலகாமத்து வயல்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! துறை கடந்து கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் ஹாஜியார்மாரே, சகோதரர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மாரே, உம்மாமாரே! கதிரை கிடைக்காமல் இந்த லிங்கநகர் வாசிகசாலையின் மதிலோரம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் நண்பர்களே! மேடையேறிப் பேச அரசாங்க விதி இடங்கொடாததால், கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் டொக்டர் குணேஸ்வரி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

சலாமுக்கு முழக்கமாகப் பதில் தந்தீர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதற்கும் இதே முழக்கம் கிடைக்குமா? கிடைக்காது என்றே நினைக்கிறேன். கிடைக்காது என்று தெரிந்தும் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். இப்போது கேட்கிறதா? நல்லது.

மூன்று வருடத்துக்கு முன்னால், 1976 ஜூன் மாதத்தில், டொக்டர் குணேஸ்வரி நம் மாவட்டத்துக்கு வந்தார். தம்பலகாமத்தில் வயலும் குளமுமாக வாழ்கிறவர்களுக்கும், கிண்ணியாவில் கடலும் துறையுமாக வாழ்கிறவர்களுக்கும் கால் வீங்குகிறது, முகம் ஊதுகிறது, சில வருடத்தில் ஆள் முடிந்துபோகிறது. ஏன்? இந்தக் கேள்வியோடு வந்தார். நம்மைப் பார்க்க ஒருவர் வந்தாரே என்று நான் அன்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில் பிழையில்லை. அவரும் நல்லவர், அவருடைய கேள்வியும் நல்லது.

அவர் செய்த சோதனையை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். பிழையென்றால் பின்வரிசையிலிருந்து தலையை ஆட்டுங்கள் டொக்டர். தலையாட்ட அரசாங்க விதி தடையில்லை. ஆளுக்கொரு போத்தல் கொடுப்பார்கள். ஒரு நாள் விடியற்காலையிலிருந்து மறுநாள் விடியற்காலை வரை போகும் சிறுநீர் முழுவதையும் அதில் சேர்க்க வேண்டும். அதில் கொஞ்சத்தைக் கோடு கீறிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஒரு மஞ்சள் மருந்தை ஊற்றி, ஒரு நாள் வைப்பார்கள். சிறுநீரகம் பழுதென்றால், உடம்பில் தங்க வேண்டிய சத்து சிறுநீரோடு கசிந்து வரும். அது குழாயின் அடியில் வெள்ளையாகப் படியும். படிவு முதற்கோட்டைத் தொட்டால் நோயாளி. அவருக்கு இரத்தச் சோதனை, பிரஷர் குளிசை, உப்புக் குறைத்த சாப்பாடு, மாதம் ஒருமுறை பார்வை. தொடாவிட்டால் ஒரு துண்டு. 'உமக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லை.' கீழே டொக்டரின் ஒப்பம்.

அந்தப் போத்தல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும், நிரம்பியதும் வாங்கி வந்தவரும் இதோ, மேடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஸுஹைர். கிண்ணியாக்காரர், டொக்டருக்குக் கள உதவியாளராக இருந்தவர். போத்தல் பெட்டியோடு அவர் துறையில் பாதை ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். லொறியையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றும் அதே மிதவைப் படகு, கிண்ணியாப் பாதைதான். ஏறினதும் ஒருவர் கேட்டாராம்:

"என்னடா ஸுஹைர், பெட்டி நிறையத் தேனா?"

"ஓம் மச்சான், காட்டுத் தேன். மூடியத் திறந்து ருசி பாக்கிறியா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தப் பெட்டியைப் பார்த்து நாமெல்லோரும் சிரித்தவர்கள்தாம். அதற்குள்ளே என்ன போகிறது என்று யாராவது கேட்டோமா?

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு போத்தல். அடுத்த வருடம் பெப்ரவரியில் அறிக்கை வந்தது. நோயாளிகள் பதினாறு பேர். மற்றத் தொண்ணூற்றாறு பேருக்கும் ஒன்றுமில்லை. 'பயப்படும்படியான நிலை இல்லை' என்றது அறிக்கை. அந்தச் செய்தியை முதற்பக்கத்தில் எழுதியவன் நான். அறிக்கையை மூன்றுமுறை வாசித்தேன். டொக்டரிடம் கேட்டேன். இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் இருந்தது. ஒவ்வொரு இலக்கமும் சரி. செய்தி பொய்.

எப்படிப் பொய்யானது? அதைச் சொல்ல, உங்களை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

தம்பலகாமத்து இராசையாவை இங்கே பலருக்குத் தெரியும். நாலு ஏக்கர் வயல், பதினொரு எருமை. அவர் வீட்டுத் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் தயிர் விழாது. அவருடைய பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்ததாக இந்த மாவட்டத்தில் யாராவது சொன்னதுண்டா? இல்லை. சொல்லவும் முடியாது. அவருக்கும் ஒரு போத்தல் போனது. துண்டு இலக்கம் நாற்பத்தேழு. 'உமக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லை.' அந்தத் துண்டை அலுமாரியில் காணி உறுதியோடு வைத்தார். மறுவருடம் கால் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மனைவி கெஞ்சினார். இராசையா அலுமாரியைத் திறந்து துண்டைக் காட்டினார். "டொக்டர் எழுதித் தந்தது பொய்யோ? வரம்பில நிண்டா கால் வீங்கும்தானே" என்றார். அதற்கு அடுத்த வருடம் முகம் ஊதியது. அப்போதும் துண்டைக் காட்டினார். இந்த வருடம் ஜனவரி இருபத்துமூன்றாந் திகதி, மூச்சு வாங்கி, பேச்சுக் குழறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் கழிவு நிறைந்துவிட்டது என்றார்கள். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இந்த மாவட்டத்தில் இல்லை. மூன்றாம் நாள் இறந்தார். வயது ஐம்பத்திரண்டு.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு ஸுஹைரும் நானும் போயிருந்தோம். பந்தியெல்லாம் முடிந்த பிறகு இராசையாவின் மனைவி அன்னலட்சுமி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஸுஹைரிடம் வந்தார்.

"தம்பி, நீர்தானே இதைக் கொண்டந்து தந்தனீர். ஒண்டும் இல்லை எண்டு எழுதியிருக்கு. பிறகேன் இவர் செத்தவர்?"

ஏதாவது பேச வேண்டுமே என்று ஸுஹைர், அந்த நாளில் போத்தலை எப்படிச் சேர்த்தீர்கள் அக்கா என்று கேட்டார்.

"சேர்த்தது அரைவாசிக்கும் வரேல்ல தம்பி. அண்டைக்கு இவர் முழுநாளும் வயல். போத்தலைக் காவிக்கொண்டு திரிய வெக்கமெண்டு வீட்டில வைச்சிட்டுப் போட்டார். டொக்டரம்மா தந்த ஏனம். அதைக் குறையாத் திருப்பிக் குடுக்கிறதே? நாங்கள் அப்பிடி வளந்த ஆக்களே? கிணத்துத் தண்ணி வார்த்து, அந்த வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டந்தனான்."

சொல்லிவிட்டு, ஸுஹைரின் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துச் சொன்னார்:

"ஊத்தைத் தண்ணி இல்லைத் தம்பி. சீலையால வடிச்சு வார்த்தனான்."

பெரியோர்களே, தாய்மாரே! வடித்து வார்த்தார். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத கை, தன் கணவனின் உயிரைச் சொல்லும் போத்தலில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் வார்த்தது. ஏமாற்றவா வார்த்தது? மரியாதைக்கு வார்த்தது! பொய் சொல்லவா வார்த்தது? வெட்கத்துக்கு வார்த்தது! நம் வீடுகளில், வெளியிலிருந்து வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்புமா? நோன்புக் கஞ்சி வந்த தூக்குச் சட்டியில் எதையாவது போட்டு அனுப்ப மாட்டோமா? பொங்கல் வந்த பாத்திரத்தில் ஒரு கை சீனியாவது போடாமல் கொடுப்போமா? போத்தலின் தோளில் ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு லீற்றர். இதற்கு மேல் கொள்ளாது என்று காட்டத்தான் அந்தக் கோடு. நம் கண்ணுக்கோ அது நிறைவின் அளவு. குறைந்தால் குடும்பத்துக்குக் குறைவு.

"அதால ஏதும் பிழையோ தம்பி?" என்று கேட்டார் அன்னலட்சுமி.

"இல்லையக்கா" என்றார் ஸுஹைர். நான் பேசாமல் நின்றேன். முப்பத்தொரு வருடமும் உண்மையை எழுதினேன் என்று சொல்கிறவன், அன்று ஒரு பொய்க்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றேன்.

மறுநாளே நாங்கள் டொக்டரிடம் போனோம். அவர் பழைய பதிவேட்டை எடுத்தார். போத்தல் இலக்கம், அளவு, படிவு என்று மூன்று நிரல். நான் அளவு நிரலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். இரண்டு லீற்றர். இரண்டு லீற்றர். ஒன்றே முக்கால். இரண்டு லீற்றர். இரண்டு லீற்றர். நூற்றுப் பன்னிரண்டில் எழுபத்தொரு போத்தல் சரியாகக் கோட்டில் நின்றன. வயலில் நின்றவருக்கும் இரண்டு லீற்றர். கடலுக்குப் போனவருக்கும் இரண்டு லீற்றர். எழுபது வயதுக்காரருக்கும் இரண்டு லீற்றர். அந்த எழுபத்தொன்றில் படிவு முதற்கோட்டைத் தொட்டது இரண்டே இரண்டு. மற்ற அறுபத்தொன்பது பேருக்கும் துண்டு. கோட்டில் நிற்காத நாற்பத்தொன்றில் மட்டும் பதினான்கு நோயாளிகள்.

டொக்டர் பதிவேட்டை மூடினார். பிறகு சொன்னார், அவருடைய அனுமதியோடு அவருடைய சொல்லிலேயே தருகிறேன்:

"வெய்யில் காலம், ஆக்கள் தண்ணி கனக்கக் குடிக்கினம் எண்டு நினைச்சனான். ஒவ்வொரு போத்தலையும் நான்தான் அளந்தனான். ஒரு மனிசரையும் கேக்கேல்ல."

யாரைக் குற்றம் சொல்வேன்? அளந்தவரையா? அவர் அளந்தது சரி. வார்த்தவரையா? அவர் வார்த்தது மரியாதை. கொண்டுவந்த ஸுஹைரையா? அவர் பாரத்தைச் சுமந்தார். எழுதிய என்னையா? சொல்லுங்கள்; நான் மறுக்கப் போவதில்லை.

யாரோ கேட்கிறீர்கள், எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று. நல்ல கேள்வி. உறுதியானதை மட்டும் சொல்கிறேன். துண்டு வாங்கிய அறுபத்தொன்பது பேரில், மரணப் பதிவின்படி ஒன்பது பேர் இன்று இல்லை. ஐந்து பேரின் பதிவில் சிறுநீரகம் என்று இருக்கிறது. நாலு பேரின் பதிவில் 'வீக்கம்' என்று மட்டும் இருக்கிறது. குளிசை கிடைத்த பதினாறு பேரில் ஒருவர் இறந்திருக்கிறார். இதை வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள் என்கிறார் டொக்டர். நான் கட்டவில்லை. இலக்கத்தைச் சொன்னேன், முடிவை நெஞ்சிலே நீங்களே கட்டிக்கொண்டீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது.

இன்னும் உயிரோடு இருக்கும் அறுபது பேர்! அவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே கசிகிறது? தெரியாது. யார் யாருக்கு? தெரியாது. அறுபது துண்டும் அறுபது அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒருவருடைய பெயரை இங்கே சொல்லலாம். சொல்லச் சொல்லி அவரே அனுமதி தந்தார். முன்வரிசையில் நீலச் சேர்ட்டோடு இருக்கிறாரே, ஸைனுலாப்தீன். கிண்ணியாப் பாதையில் பதினேழு வருடம் வேலை செய்கிறவர். உங்களில் பாதிப்பேரைக் கைபிடித்து ஏற்றி இறக்கியவர். துண்டு இலக்கம் எண்பத்தெட்டு.

போன மாதம் பாதையில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். 1977 பெப்ரவரிச் செய்தி, என் செய்தி. மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தார்.

"இது நீங்க எழுதினதானே? இத நம்பித்தான் நான் இருந்த. இப்ப காலப் பாருங்க."

பார்த்தேன். விரலால் அழுத்திக் காட்டினார். அழுத்திய இடத்தில் குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மறுநாள் பார்த்தால், குழாயில் படிவு இரண்டாம் கோட்டையும் தாண்டியிருந்தது. அன்று பின்னேரம் அவருடைய மனைவி ஜெஸீமாவிடம் ஸுஹைர் கேட்டார். முதலில் இல்லவே இல்லையென்றார். பிறகு அழுதார்.

"பாதையில நிக்கிற மனிசன், நாள் முழுக்க ஊட்டுக்கு வாறல்ல. அரைப் போத்தலக் குடுத்து அனுப்பினா எங்கட ஊட்டப் பத்தி என்ன நினைப்பாங்க தம்பி? அசிங்கமான சாமானாச்சே, ஊட்டுக்குள்ளயும் வைக்கல்ல. வெளிய மல்லிகை மரத்தடியில வைச்சு, வாளித் தண்ணி அள்ளி ஊத்தினன்."

அவர் இரண்டாவது ஒப்பம். அன்னலட்சுமி முதலாவது. மூன்றாவது ஒப்பமிட்டவர் பெயர் வேண்டாம் என்றார். அந்தச் சொல்லைக் காப்பேன்.

ஏன் இருபது ஒப்பம், எழுபத்தொரு போத்தல் ஒரே அளவு நின்றதே போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கோட்டுக்கு மேல் வந்ததைச் சனங்கள் வெளியே ஊற்றியிருக்கலாம், அதனால் ஒரே அளவு நின்றிருக்கலாம் என்கிறது கடிதம். நியாயம் இல்லாத பேச்சென்று தள்ள முடியவில்லை. அந்த நேரம் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்த்தவர்கள் யார்? வார்த்தவர்கள். வார்த்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஏதோ ஊரிலா? இல்லை தாய்மாரே, இந்தப் பந்தலில் இருக்கிறார்கள்.

மூன்று கிழமையாக ஸுஹைரும் நானும் வீடு வீடாகப் போனோம். ஒப்பமிட்ட மூன்று வீடு போக, நாற்பத்திரண்டு வீடு. எல்லா வீட்டிலும் தேத்தண்ணி தந்தீர்கள். எல்லா வீட்டிலும் கதிரை போட்டுத் துடைத்துத் தந்தீர்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "எங்கட ஊட்டில அப்பிடி நடக்கல்ல." "எங்கட வீட்டில அப்பிடி நடக்கேல்ல." தம்பலகாமத்துத் தமிழும் கிண்ணியாத் தமிழும் இந்த ஒரு பதிலில் எவ்வளவு ஒற்றுமை! எந்தத் தேர்தல் மேடையும் உங்களை இவ்வளவு ஒன்றாக்கியதில்லை.

எனக்கு விளங்குகிறது. அன்று குறைப் போத்தல் வெட்கம். இன்று நிறைப் போத்தல் வெட்கம். அன்றைய வெட்கம் ஒன்பது பேரைக் கொண்டுபோனது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இன்றைய வெட்கம் அறுபது பேரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி சோதித்தால் எல்லோரும் பிழைத்துவிடுவார்களா? இல்லை. டொக்டரிடம் கேட்டேன். "குணமாக்க ஏலாது. ஆனாப் பிந்த வைக்கலாம்" என்றார். பிந்த வைப்பது என்றால் என்ன? ஒருவருக்கு இரண்டு வருடம். இன்னொருவருக்கு ஐந்து வருடம். மகளின் கலியாணத்தைப் பார்க்கிற வருடம். அடுத்த போகம் விதைக்கிற வருடம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஆசை காட்ட மாட்டேன்.

இன்று காலை அன்னலட்சுமி என்னிடம் ஒன்று சொல்லியனுப்பினார். அவர் வரவில்லை, வரும் தெம்பு அவருக்கு இல்லை. "நான் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. என்னை ஏசுறவை ஏசட்டும். ஆனா மற்ற வீட்டு ஆம்பிளையள் இருக்கினம்தானே." இவ்வளவுதான் சொன்னார். தன் கையாலேயே தன் கணவனைத் தண்ணீரில் கரைத்துவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிற பெண், அதை ஊரறியச் சொன்னார். உங்களில் எத்தனை பேருடைய கணவன் இன்னும் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்?

கேட்க வந்ததைக் கேட்கிறேன். போத்தலில் தண்ணீர் வார்த்தவர்கள், வார்த்ததைப் பார்த்தவர்கள், எழுந்து வாருங்கள். ஸுஹைரின் மேசையில் பேனை இருக்கிறது.

நான் பேசாமல் நிற்கிறேன்.

இன்னும் நிற்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

ஆ, ஒருவர் எழும்புகிறார். யார், முத்தலிபா? துறையடித் தேத்தண்ணிக் கடை முத்தலிப்! என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"ஐயா, நான் தண்ணி ஊத்தல்ல. பொஞ்சாதிதான் ஊத்தின. ஆருர பேர எழுதுற?"

போத்தல் யாருடையது முத்தலிப்?

"போத்தல் என்டதான்."

அப்படியானால் பெயர் உங்களுடையது, சாட்சி அவர். இரண்டு பேரும் வாருங்கள்.

சிரியுங்கள், சிரியுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் பெட்டியைப் பார்த்துச் சிரித்ததைவிட இது நல்ல சிரிப்பு. நான்கு. அதோ, தம்பலகாமத்துப் பக்கமிருந்து ஒரு தாய். ஐந்து. அவருக்குப் பின்னால் இருவர். வாருங்கள் அண்ணை, வழிவிடுங்கள். ஏழு. அந்த மூலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வருகிறார்களே, இரண்டு உம்மாமார், கதிரை கொடுங்கள். ஒன்பது. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வருகிறவர் பத்து. இன்னும் யார்? அவருக்குப் பின்னால் அவருடைய தமையன். பதினொன்று.

பதினொன்று.

பொறுக்கிறேன். கிண்ணியாவுக்குக் கடைசிப் பாதை ஆறரைக்கு, தெரியும். தம்பலகாமத்துக் கடைசி பஸ் ஆறேகாலுக்கு; இருட்டினால் ரோட்டில் யானை; அதுவும் தெரியும். எழும்பிப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போகிற சிலரின் நடையை எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வீட்டிலும் அந்த நடையைப் பார்த்தவன் நான்.

பதினொன்றிலேயே நிற்கிறது.

இனி நன்றி. வெட்கத்தை மேசையில் வைத்துவிட்டுப் போன எட்டுப் பேருக்கு முதலில். வீட்டிலிருந்தபடி எட்டுப் பேரை எழுப்பிவிட்ட அன்னலட்சுமிக்கு. மூன்று கிழமையாக என்னோடு நடந்த ஸுஹைருக்கு. கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்ட தலைவர் அவர்களுக்கு. இறுதிவரை இருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும். கைகூப்புகிறேன், சலாம் சொல்கிறேன்.

எழுதுகிற பழக்கத்தில், நிலுவையில் இருப்பதைச் சொல்லி இறங்குகிறேன். கையில் உள்ள ஒப்பம் பதினொன்று. தேவைப்படுவது இன்னும் ஒன்பது. கடைசி நாள் ஏப்ரல் முப்பது, திங்கட்கிழமை. இடையில் புத்தாண்டுக்குத் தபாற்கந்தோர் பூட்டு, ஆகவே இருபத்தைந்துக்கு முன்னால் தபாலில் சேர்க்க வேண்டும். அதுவரை தினமும் பின்னேரம் நாலு மணிக்கு ஸுஹைர் துறையடியில் இருப்பார். குழு கூடுவது மே பதினாலாந் திகதி. குழு சம்மதித்தாலும் புதிய போத்தல்கள் இங்கே வந்து சேர்வது ஓகஸ்டுக்கு முன்னால் நடக்காது. இதை அந்தக் கந்தோரே தொலைபேசியில் சொன்னது. ஸைனுலாப்தீனின் இரத்தத்தில் கழிவு எவ்வளவென்று பார்க்கக் கொழும்புக்கு அனுப்பியதற்குப் பதில் இன்னும் வரவில்லை. அடுத்த வியாழன் வரும் என்கிறார்கள்.

இன்று மத்தியானம் பாதையில் அவரிடம், ஓகஸ்டில் போத்தல் வந்தால் முதலாவது உங்களுக்குத்தான் என்றேன். கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"ஓகஸ்டுல நான் பாதையில நிப்பன் எண்டு எழுதிராதீங்க. அல்லாஹ் நாடி நிண்டா, வந்து பாத்துட்டு எழுதுங்க."